சுத்துவட்டாரத்துல இருக்கற காட்டு பாலூட்டிகளை மக்களோட சேர்ந்து பதிவு பண்ண எங்கேருந்து ஆரம்பிக்கறது?

கேள்வி கேட்டவரோட நிலைமை சுருக்கமா இதுதான். பத்து பன்னெண்டு பேர் சேர்ந்திருக்காங்க, ஆர்வம் நிறைய இருக்கு, ஆனா யாரும் விலங்கியல் படிச்சவங்க கிடையாது. தங்களை சுத்தி இருக்கற காட்டு பாலூட்டிகளை பதிவு பண்ணனும், கையில கொஞ்சம் பணம் இருக்கு, அதுல எத்தனை கேமரா டிராப் (விலங்கு எதிர்ல போனா தானா போட்டோ எடுக்கற கேமரா) வாங்கலாம், சேர்ந்த டேட்டாவை எங்க போட்டு வைக்கறது, இதுனால யாருக்காவது பிரயோஜனம் இருக்குமான்னு கேட்டிருக்கீங்க. இந்த மாதிரி ஒரு குரூப்ல நானும் பல வருஷமா வேலை செய்யறேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுமையா படிங்க.

பிரயோஜனம் கண்டிப்பா இருக்கு. ஆனா கேமரா வாங்கறத ஒரு ரெண்டு மாசம் தள்ளி வைங்க. முதல்ல எல்லாரும் ஒரு நாள் உக்காந்து, நமக்கு என்ன தெரியணும்ங்கறத ஒரே ஒரு வரியில எழுதுங்க. "இங்க என்னென்ன பாலூட்டி இருக்கு"ங்கறது ஒரு கேள்வி. "நரி எங்கெங்க இருக்கு, எங்கெங்க இல்ல"ங்கறது வேற கேள்வி. "முயல் வருஷா வருஷம் கூடுதா குறையுதா"ங்கறது மூணாவது. மூணும் கேக்க ஒண்ணு மாதிரி இருக்கும், செய்யற வேலை மூணுக்கும் முழுக்க வேற வேற. முதல் கேள்விக்கு எங்க வேணாலும் தேடலாம், எதிர்ல வந்தத எல்லாம் எழுதலாம். ரெண்டாவதுக்கு மேப்பை கட்டம் கட்டமா பிரிச்சு, விலங்கு இருக்கும்னு தோணற இடம், இருக்காதுன்னு தோணற இடம் ரெண்டுலயும் ஒரே மாதிரி தேடணும். மூணாவதுக்கு அதே இடத்துல, அதே சீசன்ல, அதே முறையில, வருஷா வருஷம் திரும்ப திரும்ப செய்யணும். பத்து பேர் குரூப்புக்கு நான் சொல்றது, முதல் வருஷம் முதல் கேள்வியை எடுங்க, கூடவே சுலபமா அடையாளம் தெரியற ஒரே ஒரு விலங்கை வெச்சு ரெண்டாவது கேள்விய தொட்டு பாருங்க. மூணையும் ஒரே நேரத்துல ஆரம்பிச்ச குரூப் எதுவும் ஒரு வருஷம் தாண்டினத நான் பாத்ததில்ல.

பறவை பாக்கறவங்களோட நம்ம வேலைய ஒப்பிட்டு மனசு தளர்ந்துடாதீங்க. அமெரிக்காவுல 1900 கிறிஸ்துமஸ் அன்னிக்கு 27 பேர் சேர்ந்து பறவைகளை எண்ண ஆரம்பிச்சாங்க, அந்த கணக்கெடுப்பு இன்னிக்கு வரைக்கும் நடக்குது. ஆனா பறவை பகல்ல பறக்கும், கூவும், கண்ணுக்கு தெரியும். உலகத்துல இருக்கற பாலூட்டி இனங்கள் 6,500க்கு மேல, அதுல சுமார் 40 சதவீதம் கொறிக்கற ஜாதி, அதாவது எலி அணில் வகை, இன்னொரு 20 சதவீதம் வௌவால். பெரும்பாலானது சின்னது, ராத்திரி நடமாடறது, மனுஷ வாசனை பட்டாலே ஒதுங்கி போயிடறது. அதனால பாலூட்டிய பதிவு பண்றவங்க பெரும்பாலும் விலங்கை பாக்கறதில்ல, அது விட்டுட்டு போனதத்தான் பாக்கறாங்க. கால்தடம், எச்சம், புழுக்கை, முள்ளம்பன்றி முள், மரத்துல நகக்கீறல், தோண்டின குழி, கடிச்சு போட்ட கொட்டை. இத படிக்க கத்துக்கறதுதான் முதல் ரெண்டு மாச வேலை, இதுக்கு ஒரு பைசா செலவில்ல.

இப்ப ரொம்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன், இதுக்காகத்தான் இந்த பதிலையே எழுத உக்காந்தேன். ஒரு பதிவுன்னா என்ன? என்ன விலங்கு, எங்க, எப்போ, யார் பாத்தது, எப்படி தெரிஞ்சுது, இந்த அஞ்சும் இருக்கணும். இத எல்லாரும் சொல்லுவாங்க. ஆறாவதா ஒண்ணு இருக்கு, அத பெரும்பாலான குரூப் விட்டுடறாங்க: எவ்ளோ தேடினோம். எத்தனை பேர், எத்தனை மணி நேரம், எத்தனை கிலோமீட்டர் நடந்தோம், கேமரா எத்தனை ராத்திரி ஓடுச்சு, போயிட்டு ஒண்ணுமே கிடைக்காம திரும்பின நாள் எது. இது இல்லன்னா உங்க டேட்டாவுல ஒரு வருஷம் 5 பதிவு, அடுத்த வருஷம் 20 பதிவுன்னு இருந்தா, விலங்கு கூடிச்சா இல்ல தேடின ஆள் கூடிச்சான்னு எந்த விஞ்ஞானியாலயும் சொல்ல முடியாது.

எங்க குரூப்ல ஒரு ஸ்கூல் பொண்ணு இருந்தா, ஒரு ஓடை பக்கம் இருநூறு மீட்டர் தூரம் அவளுக்கு ஒதுக்கியிருந்தோம், வாரா வாரம் ஞாயித்துக்கிழமை காலைல போய் நீர்நாய் தடம் இருக்கான்னு பாக்கணும். அஞ்சு மாசம் அவ ஷீட்ல "40 நிமிஷம் தேடினேன், சேறு ஈரமா நல்லா இருந்துச்சு, தடம் இல்ல"ன்னுதான் வரும். நடுவுல ஒரு தடவை "நான் செய்யறது வீண்தானே"ன்னு கேட்டா. ஆறாவது மாசம் ஒரு காலைல போட்டோ அனுப்பினா, அஞ்சு விரல் விரிஞ்ச தடம், பக்கத்துல ஸ்கேல், பாறை மேல மீன் செதில் கலந்த எச்சம். மத்த இடத்துல நாங்க எடுத்த நீர்நாய் பதிவு எதையும் விட அந்த ஒண்ணுதான் மதிப்பு அதிகம். ஏன்னா அதுக்கு முன்னாடி இருக்கற இருபது "இல்ல" வரிகளை வெச்சுத்தான், அந்த ஓடைக்கு நீர்நாய் சமீபத்துல வர ஆரம்பிச்சிருக்குன்னு தைரியமா சொல்ல முடிஞ்சுது. அந்த இருபதும் இல்லன்னா "இங்க நீர்நாய் இருக்கு"ன்னு மட்டும்தான் சொல்லியிருக்க முடியும்.

"கிடைக்கல"ங்கறதுக்கும் "இல்ல"ங்கறதுக்கும் வித்தியாசம் இருக்கு, அதையும் புரிஞ்சுக்கோங்க. ஒரு இடத்துல விலங்கு இருக்குன்னே வெச்சுப்போம், ஒரு ராத்திரி கேமரா வெச்சா அது மாட்டறதுக்கு 30 சதவீத வாய்ப்பு. அப்ப அஞ்சு ராத்திரி வெச்சும் ஒரு தடவை கூட மாட்டாம போக, 0.7 ஐ அஞ்சு தடவை பெருக்கினா வர்ற கிட்டத்தட்ட 17 சதவீத வாய்ப்பு இருக்கு. பத்து ராத்திரி வெச்சா அது 3 சதவீதத்துக்கு கிட்ட இறங்கிடும். இந்த கணக்கை அடிப்படையா வெச்சுத்தான், மாட்டாத விலங்கு எத்தனை இடத்துல உண்மையிலேயே இருக்கும்னு மதிப்பிடற முறைகள் 2002க்கு அப்புறம் பெரிய அளவுல வளர்ந்துச்சு. அந்த கணக்கை நீங்க போட வேண்டாம், தெரிஞ்சவங்க போட்டுப்பாங்க. அவங்களுக்கு தேவையானது ஒண்ணே ஒண்ணு, எந்தெந்த நாள் தேடினீங்க, அதுல எந்தெந்த நாள் கிடைச்சுதுங்கற வரிசை. அத நீங்க எழுதி வைக்கலன்னா பின்னாடி யாராலயும் உருவாக்க முடியாது.

சரி, தடம் படிக்கறது. மழை நின்ன மறுநாள் காலை, இல்லன்னா குளத்தோரம் சேறு காஞ்சும் காயாம இருக்கற நேரம், இதான் நல்ல நேரம். வெயில் சாய்வா விழும்போது போங்க, அப்பதான் தடத்தோட ஓரத்துல நிழல் விழுந்து தெளிவா தெரியும், உச்சி வெயில்ல அதே தடம் கண்ணுக்கே தட்டாது. ஸ்கேலை தடத்துக்கு பக்கத்துல அதே மட்டத்துல வெச்சு, போனை நேர் மேல இருந்து பிடிச்சு எடுங்க, சாய்ச்சு எடுத்தா அளவு தப்பாயிடும். ஒரு தடம் மட்டும் போதாது, நாலஞ்சு தடம் வரிசையா தெரியற மாதிரி இன்னொரு போட்டோவும் வேணும், நடை எப்படின்னு அதுலதான் தெரியும். நாய் ஜாதிக்கு, அதாவது நாய் நரி ஓநாய்க்கு, நாலு விரலும் அதுக்கு முன்னாடி நகக்குறியும் விழும். பூனை ஜாதிக்கும் நாலு விரல்தான், ஆனா நடக்கும்போது நகத்தை உள்ள இழுத்துக்கறதால பெரும்பாலும் நகக்குறி இருக்காது, உள்ளங்கால் பின் ஓரம் மூணு மடிப்பா இருக்கும். கீரி, நீர்நாய் இதுக்கெல்லாம் அஞ்சு விரல். மானுக்கும் காட்டுப்பன்றிக்கும் ரெண்டா பிளந்த குளம்பு, பன்றியோடதுல மென்மையான மண்ணா இருந்தா பின்னால ரெண்டு சின்ன குளம்போட குறியும் அகலமா விழுந்திருக்கும். இவ்ளோ தெரிஞ்சாலே பாதி தூரம் வந்தாச்சு. நாய் தடத்துல மட்டும் ரொம்ப கவனமா இருங்க, வளர்ப்பு நாய் எல்லா இடத்துலயும் நடக்குது, பாத்த உடனே நரின்னு எழுத தோணும். நிச்சயம் இல்லன்னா "நாய் ஜாதி, எதுன்னு தெரியல"ன்னு எழுதுங்க. அது ஒரு முழு பதிவு, அதுல வெக்கப்பட எதுவும் இல்ல. தப்பா எழுதின "நரி"தான் பின்னாடி மேப்பையே கெடுக்கும்.

சேறு இல்லாத இடத்துக்கு ஒரு நல்ல வழி இருக்கு. ரெண்டு பக்கமும் திறந்த முக்கோண கூடு மாதிரி பிளாஸ்டிக் ஷீட்டை மடிச்சு வைப்பாங்க, டிராக்கிங் டன்னல்னு பேரு. நடுவுல கொஞ்சம் இரை, அதுக்கு ரெண்டு பக்கமும் கரித்தூளை சமையல் எண்ணெயில குழைச்ச மை, அதுக்கு அப்புறம் வெள்ளை பேப்பர். விலங்கு உள்ள போயி மையை மிதிச்சு பேப்பர் மேல நடந்து வெளிய வரும். பிரிட்டன்ல முள்ளெலிய கணக்கெடுக்க இதைத்தான் மக்கள் பயன்படுத்தறாங்க, ஒரு இடத்துக்கு பத்து டன்னல், தொடர்ந்து அஞ்சு ராத்திரின்னு ஒரு அளவு வெச்சிருக்காங்க. இதுல எனக்கு பிடிச்ச விஷயம் என்னன்னா, அந்த பேப்பரே ஆதாரம். தேதி போட்டு ஃபைல்ல வெச்சா பத்து வருஷம் கழிச்சும் யாராவது எடுத்து பாத்து, இது எலி இல்ல வேற ஏதோன்னு திருத்தலாம். சின்ன பசங்களுக்கு இத விட நல்ல ஆரம்பம் கிடையாது, காலைல பேப்பரை வெளிய இழுக்கற அந்த நிமிஷத்துக்காகவே சீக்கிரம் எழுந்து வருவாங்க.

இப்ப கேமரா. எத்தனைன்னு கேட்டீங்க இல்லயா, உங்க அளவுக்கு நாலுல இருந்து ஆறு போதும், அத இடம் மாத்தி மாத்தி வைங்க. 2020ல வெளிவந்த ஒரு பெரிய ஆய்வுல, ஒரு இடத்துல மூணுல இருந்து அஞ்சு வாரம் வைக்கணும், ஒரு பகுதிக்கு மொத்தம் 40ல இருந்து 60 இடம் பாக்கணும்னு சொல்லியிருக்காங்க. அறுபது கேமரா வேணும்னு இதுக்கு அர்த்தம் இல்ல. ஆறு கேமரா, மாசம் ஒரு தடவை இடம் மாத்தினா எட்டு மாசத்துல 48 இடம் ஆச்சு. ஒரே இடத்துல வருஷம் பூரா வெச்சா அதே கீரியோட ஆயிரம் போட்டோ வரும், புதுசா எதுவும் தெரியாது. சீசன் மாறும்ங்கறத மட்டும் மனசுல வைங்க, மழைக்காலத்துல எல்லா கேமராவும் ஒரு பக்கமும் வெயில்காலத்துல எல்லாம் இன்னொரு பக்கமும் போயிடக்கூடாது, ஒவ்வொரு மாசமும் கலந்து வைங்க.

கேமரா எப்படி வேலை செய்யுதுன்னு புரிஞ்சுக்கிட்டா பாதி தப்பு தானா நின்னுடும். அதுல இருக்கற சென்சார் விலங்கை பாக்கறதில்ல, சுத்தி இருக்கறதுக்கும் நகர்ற பொருளுக்கும் இருக்கற வெப்ப வித்தியாசத்தை பாக்குது. அதனால வெயில்ல சூடான புல் காத்துல ஆடினா கூட கிளிக் ஆகும், அதே சமயம் கொளுத்தற மதியத்துல விலங்கோட உடம்பு சூடும் வெளி சூடும் ஒண்ணாயிட்டா எதிர்ல போனா கூட கிளிக் ஆகாம போகலாம். முன்னாடி இருக்கற புல்லையும் தொங்கற கிளையையும் ஒதுக்கிடுங்க. கிழக்கு மேற்கா வெக்காதீங்க, விடியும்போதும் சாயும்போதும் வெயில் நேரா லென்ஸ்ல அடிக்கும், பல விலங்கு நடமாடற நேரமும் அதுதான். நடுத்தர அளவு விலங்குக்கு முழங்கால் உயரம், அதாவது தரையிலேருந்து 40, 50 சென்டிமீட்டர், சின்னதுக்கு இன்னும் கீழ. பாதையில இருந்து மூணு நாலு மீட்டர் தள்ளி, விலங்கு கேமராவ குறுக்கா கடந்து போற மாதிரி வைங்க, நேரா கேமராவ நோக்கி வந்தா சென்சாருக்கு லேட்டாத்தான் தெரியும். கட்டினதுக்கு அப்புறம் நீங்களே கையும் காலும் ஊனி, விலங்கு உயரத்துல எதிர்ல நடந்து பாருங்க, லைட் எரியுதான்னு. இத செய்யாம கிளம்பாதீங்க.

அப்புறம் கடிகாரம். எங்களோட ரெண்டாவது வருஷம், ஒருத்தர் பேட்டரி மாத்தினார், மாத்தினதுல கேமராவோட தேதி ஃபேக்டரி தேதிக்கு போயிடுச்சு, யாரும் கவனிக்கல. அஞ்சு வாரம் அருமையான போட்டோ, குட்டியோட முள்ளம்பன்றி கூட இருந்துச்சு, ஆனா எந்த தேதின்னு தெரியாது, எத்தனை மணின்னு தெரியாது. அது மொத்தமும் கணக்குல சேரல. அதுக்கப்புறம் ஒரு பழக்கம் வெச்சோம், கேமரா வைக்கும்போதும் எடுக்கும்போதும், போன்ல நேரம் பெருசா தெரியற மாதிரி திறந்து, கூட ஒரு பேப்பர்ல இடத்தோட நம்பரை எழுதி, ரெண்டையும் கேமரா முன்னாடி பிடிச்சு ஒரு போட்டோ. கடிகாரம் தப்பா இருந்தா கூட எவ்ளோ தப்புன்னு இதுல இருந்து திருத்திக்கலாம், கார்டு மாறிப்போனா எந்த இடம்னும் தெரிஞ்சுடும்.

இரை வெச்சு விலங்கை இழுக்கலாமான்னு நிறைய பேர் கேப்பாங்க. டன்னலுக்கு சரி, கேமராவுக்கு வேண்டாம். சில விலங்கு இரைக்கு ஓடி வரும், சிலது விலகி போகும், அப்ப உங்க கணக்கு இருக்கறதோட கணக்கா இல்லாம பசியோட கணக்காயிடும். அதோட, கேமரால வர்ற போட்டோ எண்ணிக்கை விலங்கோட எண்ணிக்கை இல்ல. அதே நரி மூணு தடவை குறுக்க போனா மூணு போட்டோ. பொதுவா அரை மணி நேர இடைவெளிக்குள்ள வர்ற அதே இனத்தோட போட்டோக்களை ஒரு வருகையா எடுத்துப்பாங்க, நீங்களும் அப்படியே செய்யுங்க. உடம்புல வரி புள்ளி இருந்து ஒவ்வொண்ணையும் தனித்தனியா அடையாளம் காண முடிஞ்சா ஒழிய "இங்க பத்து நரி இருக்கு"ன்னு எங்கயும் சொல்லாதீங்க. "100 கேமரா ராத்திரிக்கு இத்தனை வருகை"ன்னு சொல்லுங்க. ஆறு கேமரா முப்பது ராத்திரி ஓடினா 180 கேமரா ராத்திரி, ஒண்ணு பத்தாவது நாளே பேட்டரி தீந்து நின்னிருந்தா அது 160 தான், அந்த இருபதை கழிக்க மறந்துடாதீங்க.

ஆள் நிறைய, கேமரா கம்மின்னா என்ன செய்யறதுங்கறதுக்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கு. அமெரிக்காவோட வட கரோலினா மாகாணத்துல 2016ல இருந்து 2019 வரைக்கும் கேன்டிட் கிரிட்டர்ஸ்னு ஒரு திட்டம் நடந்துச்சு, பொது நூலகத்துல புத்தகம் எடுக்கற மாதிரி கேமரா டிராப்பை எடுத்துட்டு போயி வெச்சுட்டு திருப்பி கொடுக்கலாம். அந்த மாகாணத்துல இருக்கற 100 கவுண்டியிலயும், அதாவது நம்ம மாவட்டம் மாதிரி, ஆள் சேர்ந்து வெச்சாங்க. உங்க பக்கம் ஒரு நூலகமோ ஸ்கூலோ சம்மதிச்சா அங்க ஒரு பெட்டியில நாலு கேமரா, ஒரு ரிஜிஸ்டர், ஒரு பக்கத்துக்கு எப்படி வைக்கணும்ங்கற குறிப்பு, இவ்ளோதான் தேவை.

போட்டோ பிரிக்கறது பெரிய வேலை, இதுக்கு முன்கூட்டியே தயாரா இருங்க. ஆப்பிரிக்காவுல தான்சானியாவோட செரங்கேட்டி தேசிய பூங்காவுல 2010ல 225 கேமராவ 1,125 சதுர கிலோமீட்டர்ல வெச்சாங்க, மூணு வருஷத்துல 12 லட்சம் போட்டோ செட்டு (ஒரு தடவை கிளிக் ஆகும்போது வர்ற போட்டோக்கள் ஒரு செட்டு) வந்துச்சு, அதுல விலங்கு இருந்தது சுமார் 3.2 லட்சத்துலதான். மீதி முக்காவாசி வெறும் புல்லு. உங்களுக்கும் அப்படித்தான் வரும். இப்ப மெகாடிடெக்டர்னு இலவசமா ஒரு ஏஐ மாடல் இருக்கு, போட்டோல விலங்கு இருக்கா, மனுஷன் இருக்கா, வண்டி இருக்கான்னு மட்டும் சொல்லும், எந்த இனம்னு சொல்லாது. வெறும் புல்லை ஒதுக்க அது போதும், உங்க ஞாயித்துக்கிழமைகளை அது திருப்பி கொடுக்கும். இனத்தை மனுஷங்களே பாக்கட்டும், ஒரு போட்டோவ ஒருத்தர் மட்டும் முடிவு பண்ணாம மூணு பேர் தனித்தனியா, ஒருத்தர் பதிலை இன்னொருத்தர் பாக்காம சொல்லட்டும். செரங்கேட்டில அப்படித்தான் ஆயிரக்கணக்கான சாதாரண மக்களோட பதிலை சேர்த்து முடிவெடுத்தாங்க, நிபுணர்களோட பதிலோட ஒப்பிட்டப்ப இனம் சரியா வந்தது 96 சதவீதத்துக்கும் மேல. யாரும் படிச்சவங்க இல்லன்னு கவலைப்பட்டீங்களே, அதுக்கு பதில் இதுதான். ஒரு ஆள் தப்பு பண்ணலாம், தனித்தனியா பாத்த மூணு பேர் ஒரே தப்ப பண்றது ரொம்ப கஷ்டம். மூணு பேரும் வேற வேற சொன்னா மட்டும் வெளிய ஒரு நிபுணருக்கு அனுப்புங்க, அவங்க நேரத்தையும் வீணாக்காம இருக்கும்.

வௌவாலை விட்டுடாதீங்க, பாலூட்டியில அஞ்சுல ஒண்ணு அதுதான். பூச்சி தின்ற வௌவால் எழுப்பற ஒலி பெரும்பாலும் 20ல இருந்து 120 கிலோஹெர்ட்ஸ், நம்ம காது 20 கிலோஹெர்ட்ஸோட நின்னுடும். அத பதிவு பண்ண ஆடியோமாத்னு தீப்பெட்டிய விட கொஞ்சம் பெருசா ஒரு ரெக்கார்டர் இருக்கு. ரெக்கார்ட் பண்ணின ஒலிய கம்ப்யூட்டர்ல படமா மாத்தினா ஒவ்வொரு கூவலும் ஒரு கோடா தெரியும், அந்த கோட்டோட வடிவத்தையும் உயரத்தையும் வெச்சு எந்த வகைன்னு சொல்லுவாங்க. இனம் வரைக்கும் போறது கஷ்டம், ஒலிய மட்டும் பத்திரமா சேர்த்து வைங்க, அடையாளம் பின்னாடி கூட வரலாம். பழந்தின்னி வௌவாலுக்கு இது உதவாது, அதுல பெரும்பாலானது இப்படி ஒலி எழுப்பறதில்ல. அதுக்கு சாயங்காலம் அடையற மரத்துக்கு கொஞ்சம் தள்ளி நின்னு வெளிய கிளம்பறத எண்ணணும், ரெண்டு மூணு பேர் ஆளுக்கு ஒரு திசை.

எலி, மூஞ்சூறு மாதிரி குட்டி விலங்குகளுக்கு ஆந்தை உதவும். ஆந்தை செரிக்காத எலும்பையும் ரோமத்தையும் உருண்டையா கக்கும், அத தண்ணியில ஊற வெச்சு பிரிச்சா தாடை எலும்பு, பல்லு எல்லாம் முழுசா கிடைக்கும், கேமரால மாட்டாத இனம் கூட அதுல இருக்கும். ரோட்ல அடிபட்டு கிடக்கறதையும் எழுதுங்க, மனசுக்கு கஷ்டமாத்தான் இருக்கும், ஆனா அது இடமும் தேதியும் உள்ள உறுதியான பதிவு. வண்டிய ஓரமா நிறுத்தின பிறகுதான் போட்டோ.

எந்த விலங்கையும், உயிரோட இருந்தாலும் செத்திருந்தாலும், வெறும் கையால தொடக்கூடாது. இதுல தயவு தாட்சண்யமே வேண்டாம். வெறிநோய், எலிக்காய்ச்சல், எச்சத்துல இருக்கற புழு முட்டை, எல்லாம் நிஜமான ஆபத்து. கீழ கிடக்கற வௌவாலை பாவம்னு கையில எடுத்தா கடிச்சுடும், கடிச்சா காயத்தை சோப்பு போட்டு ஓடற தண்ணியில பதினஞ்சு நிமிஷம் கழுவிட்டு உடனே டாக்டர்கிட்ட போகணும். உயிரோட பிடிக்கற பொறி வெக்கறது பயிற்சியும் அனுமதியும் உள்ளவங்க வேலை, நம்ம வேலை இல்ல. நிலத்துக்கு சொந்தக்காரங்க கிட்ட எழுத்துல சம்மதம் வாங்குங்க, பாதுகாக்கப்பட்ட காடா இருந்தா துறை அனுமதி இல்லாம ஒரு கேமரா கூட வேண்டாம். கேமரால மனுஷங்க விழுவாங்க, அந்த போட்டோவ யாருக்கும் காட்டாம அழிச்சுடுவோம்னு முதல் நாளே எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க, சொன்ன மாதிரி அழிக்கவும் செய்யுங்க. இந்த நம்பிக்கை ஒரு தடவை உடைஞ்சா திட்டமே அங்க முடிஞ்சுது.

டேட்டாவ ரெண்டு இடத்துல வைங்க. போட்டோவோ ஒலியோ உள்ள பதிவுகளை ஐநேச்சுரலிஸ்ட்ல போடலாம், யார் வேணாலும் உயிரினங்களை பதிவு பண்ணக்கூடிய வெப்சைட் அது, 2008ல பெர்க்லில மாணவர் புராஜெக்டா ஆரம்பிச்சது, உங்க பகுதிக்கு தனியா ஒரு புராஜெக்ட் பக்கமும் திறக்கலாம். ஆதாரம், தேதி, இடம் எல்லாம் இருந்து, அடையாளம் சொன்னவங்கள்ல மூணுல ரெண்டு பங்குக்கு மேல ஒரே இனத்தை சொன்னா அது ஆராய்ச்சி தரம்னு ஆகும், மத்தவங்க பயன்படுத்த நீங்க கொடுத்த லைசென்ஸ் ஒத்து வந்தா அங்கேருந்து ஜிபிஐஎஃப்னு உலக அளவுல இருக்கற தரவு கிடங்குக்கு போகும், எந்த நாட்டு ஆராய்ச்சியாளரும் எடுத்து பயன்படுத்தலாம். ஆனா தேடியும் கிடைக்காத நாளை அதுல போட இடம் இல்ல. அதனால தேடின நேரத்தையும் "இல்ல"ங்கறதையும் உங்க சொந்த ஷீட்ல வெக்கணும், அதோட காப்பி குறைஞ்சது ரெண்டு பேர்கிட்ட இருக்கணும்.

மனுஷங்க வேட்டையாடற விலங்குகளோட இடத்தை மறைக்கறது உங்க பொறுப்பு. எறும்புத்தின்னி மாதிரி ஒண்ணு உங்க பகுதியில இருக்குன்னு தெரிஞ்சா தேடி வர்றவங்க உண்டு. ஐநேச்சுரலிஸ்ட்ல அழிவு அபாயத்துல இருக்கற பல இனத்துக்கு தானாவே இடம் மங்கலாயிடும், 0.2 டிகிரி, அதாவது சுமார் 20 கிலோமீட்டர் கட்டத்துக்குள்ள எங்கயோன்னுதான் மத்தவங்களுக்கு தெரியும், மீதிக்கு நீங்களே மறைக்கலாம். ஆனா அங்க மறைச்சுட்டு அதே போட்டோவ வாட்ஸாப் குரூப்ல ஒரிஜினல் ஃபைலா போட்டா ஜிபிஎஸ் அதுலயே ஒட்டிக்கிட்டு போகும். வளை, குட்டி போட்ட இடம், வௌவால் அடையற குகை, இந்த மூணையும் யாருக்கும் எதுக்காகவும் பப்ளிக்கா சொல்லாதீங்க.

ஆட்கள் நிக்கறதுக்கு என் அனுபவத்துல ஒரே வழிதான் வேலை செஞ்சுது, அனுப்பின பதிவுக்கு ரெண்டு நாளுக்குள்ள பதில் வரணும். "கிடைச்சுது, இது காட்டுப்பூனை இல்ல வீட்டுப்பூனைதான், வால்ல இந்த இடத்தை பாருங்க"ன்னு ஒரு வரி போதும். பதில் வராம மூணு தடவை அனுப்பினவங்க நாலாவது தடவை அனுப்பறதில்ல. அந்த வேலைக்கு முதல்ல ஒரு ஆளை ஒதுக்குங்க, கேமரா கட்ட தெரிஞ்சவங்கள விட அவங்கதான் முக்கியம். அதோட அந்த மண்ணுலயே நடந்து வாழ்ந்த பெரியவங்கள கூப்பிட்டு பேசுங்க, முன்னாடி எது இருந்துச்சு, எப்போலேருந்து காணோம்னு அவங்க சொல்றத தனி ஷீட்ல, கேட்ட தகவல்னு போட்டு எழுதுங்க. எங்களுக்கு அந்த ஓடையில நீர்நாய தேடணும்னு தோணினதே அப்படி ஒருத்தர் சொன்ன பேச்சுல இருந்துதான்.

வர்ற ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரா பிரிஞ்சு, ஆளுக்கு ஒரு சேத்து ஓரம், ஒரு மணி நேரம் போயிட்டு வாங்க. ஸ்கேல், போன், பேனா, நோட்டு போதும். போன நேரம், திரும்பின நேரம், நடந்த தூரம், மண் எப்படி இருந்துச்சுன்னு எழுதிட்டு, அதுக்கு கீழ என்ன தடம்னு எழுதுங்க. ஒண்ணும் இல்லன்னா "தடம் இல்ல"ன்னு எழுதி, தேதியும் உங்க பேரும் போட்டு ஷீட்ல முதல் வரிசையா ஏத்துங்க.